மைதானத்துக்கு நாலு ஆமீன்

"நீளம் போதாது" என்றார் தலைநகரிலிருந்து வந்த அதிகாரி.

பெண் பார்க்க வந்தவர்கள் தன் மகளைப் பார்த்து 'உயரம் போதாது' என்று சொன்னால் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது எர்காஷுக்கு.

"நல்லாப் பாருங்கய்யா. நாடா எங்கயாவது சுருண்டிருக்கும்."

"நாடா சுருளல. உங்க மைதானம்தான் சுருங்கியிருக்கு. எட்டு மீட்டர் குறையுது."

"அது எப்படிக் குறையும்? பனி கரைஞ்சதும் வருஷா வருஷம் கோடு போடறது நான். எனக்கு முன்னால எங்கப்பா. 'சுவர்லேருந்து ஏழு தப்படி வெச்சுக் கோட்டைப் போடுடா'ன்னு சொல்லிக் குடுத்திருக்கார். இன்னிவரைக்கும் அரைத் தப்படி மாத்தினதில்ல."

அதிகாரி அதைக் காதில் வாங்கவில்லை. "தெற்கே கால்வாய். வடக்கே வீட்டுச் சுவர். நீட்டவும் வழியில்ல. புது மைதானம் எங்க கட்டப்போறீங்கன்னு இலை உதிர்றதுக்குள்ள இடத்தைச் சொல்லுங்க. இல்லேன்னா லீக்லேருந்து உங்க பேரை எடுத்துடுவாங்க."

சொல்லிவிட்டுப் புலாவ்கூடச் சாப்பிடாமல் காரில் ஏறிப் போய்விட்டார். நவ்புலாக் ஊரில் அதைவிடப் பெரிய கண்டனம் கிடையாது.

ஊரின் ஃபுட்பால் அணியான புலாக்கின் தலைவர் போதிர், முலாம்பழ வியாபாரி. எந்தப் பழத்தையும் ஒரு தட்டு தட்டியே உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுவார். மைதானத்தைத் தட்டிப் பார்க்க முடியவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"அந்தக் காலத்துக் காண்ட்ராக்டர் சிமென்ட்டைத் திருடுவான், கம்பியைத் திருடுவான். நம்ம ஊருக்கு வந்தவன் நீளத்தையே திருடிட்டுப் போயிருக்கான்யா!"

எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் ஊரில் சிரித்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்ததாகக் கணக்கு. மீதிப் பாதி எப்போதும் எர்காஷின் தலையில் விழும்.

எர்காஷ் மைதானப் பொறுப்பாளர். புல் வெட்டுவது, வலை தைப்பது, தோற்ற அணியைத் தேற்றுவது, நடுவரைப் பின்வாசல் வழியாக அனுப்புவது எல்லாம் அவர் வேலை. வடக்குக் கோலுக்குப் பின்னால் இருக்கும் சுவர் அவர் வீட்டுச் சுவர்தான். பந்து அதைத் தாண்டி முற்றத்தில் விழும். முற்றத்து மல்பெரி மரத்தடியில் தந்தூர் அடுப்பு. அங்கே மாவு பிசைந்து வைத்திருக்கும் அவர் மனைவி சவோதத், "கோலுக்கு அடிச்சாப் போகாது, என் மாவுக்கு அடிச்சாத் தப்பாது" என்று பந்தைத் திருப்பி எறிவாள்.

புலாக் அணி பெரிதாக ஜெயித்ததில்லை. ஆனால் அது ஆடாத ஞாயிற்றுக்கிழமை எதற்காக விடிய வேண்டும் என்று எர்காஷுக்குத் தெரியாது. லீக்கிலிருந்து பேரை எடுத்துவிட்டால்?

"மூணு மஹல்லாவிலும் இடம் இருக்கு" என்றார் போதிர். எங்கள் ஊரில் பேட்டைக்கு மஹல்லா என்று பேர். "நீ போய் ஜனங்க என்ன நினைக்கிறாங்கன்னு கேட்டுட்டு வா. கேக்காமக் கட்டினா ஊர் மன்னிக்காது."

"நானா அண்ணே?"

"உன்மேல யாருக்கும் கோபம் கிடையாதே."

"எனக்கு முடியாதுன்னு சொல்ல வராது. அதான் யாருக்கும் கோபமில்ல."

"சொல்லவே வேணாம். கேட்டுட்டு மட்டும் வா."

கேட்டுவிட்டு மட்டும் வருவது எங்கள் ஊரில் ஆகிற காரியமா? போனால் டீ வரும். டீக்குப் பின்னால் ரொட்டி. ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டதும் இருப்பதில் மூத்தவர் கைகளை ஏந்துவார். இன்னது நடக்கட்டும் என்று வேண்டுவார். எல்லோரும் முகத்தைத் தடவி 'ஆமீன்' என்பார்கள். அதோடு விஷயம் முடிந்தது. கோர்ட்டுத் தீர்ப்புக்கு அப்பீல் உண்டு. ஆமீனுக்கு அப்பீல் கிடையாது.

முதலில் ஊருக்கு வெளியே இருக்கும் பருத்திக்காட்டு மஹல்லாவுக்குப் போனார். தலைவர் துரோப் வாசலிலேயே கட்டிக்கொண்டார்.

"முதல்ல டீ."

"முதல்ல விஷயம் அண்ணே."

"விஷயம் எங்க ஓடிடப்போகுது? டீ ஆறிடும்."

காட்டில் காற்று அப்படி அடித்தது. இங்கே கோல்கீப்பர் உதைக்கிற பந்து அவருடைய கோலுக்குள்ளேயே திரும்பி வந்துவிடும் என்று எர்காஷ் சொல்ல நினைத்தார். அதற்குள் துரோப் குரலைத் தாழ்த்தினார்.

"எங்களுக்கு ஃபுட்பால் தெரியாது, எர்காஷ்ஜான். பொய் சொல்லல. ஆனா மைதானம் வந்தா பஸ் விடுவாங்க. போன குளிர்காலத்துல என் மருமகளைப் பிரசவத்துக்கு டிராக்டர்ல கொண்டுபோனோம். பாதி வழியில பனி. அவ கத்தினது இன்னும் காதுல நிக்குது."

எர்காஷின் கையிலிருந்த ரொட்டி வாய்க்குப் போனது. துரோப் கைகளை ஏந்தினார். "மைதானம் எங்க காட்டுக்கு வரட்டும், கூடவே பஸ்ஸும் வரட்டும்" என்றார். மருமகள் கத்தியதைக் கேட்ட பிறகு யாருக்குத்தான் கை தூக்காமல் இருக்க வரும்?

"ஆமீன்" என்றார் எர்காஷ்.

இரண்டாவதாகச் செங்கல் சூளை மஹல்லா. இங்கே எதையும் தின்னப் போவதில்லை என்று முடிவு செய்துகொண்டு போனார். வீட்டுக்குள் போனால்தானே தின்ன வேண்டும்? சந்திலேயே நின்று பேசிவிடலாம். ஆனால் சந்தில் நிற்கவே இடமில்லை. எதிரே ஒரு கழுதை வந்தது. இருவரில் ஒருவர் பின்வாங்க வேண்டியிருந்தது. எர்காஷ் பின்வாங்கினார்.

மஹல்லாத் தலைவி ஓய்தின் வாய்க்கால் மேட்டில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கணவர் இறந்தபிறகு சூளையைத் தனியாளாக நடத்துகிறவர். அவர் குரலுக்குச் செங்கல் தானே அடுக்கிக்கொள்ளும் என்பார்கள்.

"இதென்னக்கா சந்து! டீம் பஸ் எப்படி உள்ள வரும்?" என்று எர்காஷ் பொரிந்தார். "எங்கப்பா காலத்துல இங்க ரெண்டு மாட்டுவண்டி எதிரெதிரே போகும். உங்க வீட்டுச் சுவரெல்லாம் நடந்து வந்திருக்கு!"

"சுவர் எங்கயாவது நடக்குமா தம்பி?"

"நடக்கும்க்கா. மண்சுவர் குளிர்ல இடியும். வசந்தத்துல எடுத்துக் கட்டுவீங்க. கட்டும்போது சும்மா ஒரு சாண் தள்ளிக் கட்டுறது. ஒரே நாள்ல தள்ளினா சண்டை வரும். வருஷத்துக்கு ஒரு சாண்னா யாருக்குத் தெரியும்? ஒரு தலைமுறைக்குள்ள தெருவே காணாமப் போயிடும். இது ஊர்ச்சொத்தைத் திருடறதுதானே?"

"ரொம்ப விவரமாச் சொல்றியே."

"ஊரே பண்றதுதானேக்கா" என்றார் எர்காஷ், சற்று இறங்கி.

ஓய்தினின் முகம் சிவந்தது. வாசல்களில் நின்ற பெண்கள் தத்தம் சுவரைப் பார்த்துக்கொண்டார்கள். எர்காஷுக்கு உடனே மனம் கசந்தது. விருந்தாளியாக வந்த இடத்தில் இப்படியா பேசுவது?

"திட்டி முடிச்சாச்சா?" என்றார் ஓய்தின். "திட்டினவன் பசியோட போனா அந்தத் திட்டு வீட்டுலயே தங்கிடும். உள்ள வா."

குற்றவுணர்ச்சியோடு உட்கார்ந்தவருக்குப் பூசணிக்காய் வைத்த மந்து கொழுக்கட்டை வந்தது. அதன்மேல் தயிர் வந்தது. அதன்பின் ஓய்தினின் கைகள் உயர்ந்தன. "எங்க சந்து அகலமாகட்டும், மைதானம் எங்க சூளைக்கு வரட்டும்."

இரண்டாவது ஆமீன்.

மூன்றாவது அவருடைய சொந்த மஹல்லாதான். சொந்தக்காரர்களிடம் உண்மையைச் சொல்லிவிடலாம், அவர்கள் புரிந்துகொள்வார்கள் என்று டீக்கடைக்குப் போனார். சம்சா விற்கும் யோல்தாஷ் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"ரெண்டு இடத்துல ஆமீன் சொல்லிட்டியா? நல்லது. எங்களைவிட அவங்க உசத்தி. சொல்லவேண்டியதுதான்."

"அப்படியில்ல யோல்தாஷ்..."

"நான் சம்சா விக்கிறதுக்காகக் கேக்கறேன்னு நினைக்காத. சம்சா எங்கயும் விக்கும். எங்கப்பாவை உனக்கு ஞாபகம் இருக்கா? பக்கவாதம் வந்து ஆறு வருஷம் ஜன்னலோரமாப் படுத்திருந்தாரே. ஞாயித்துக்கிழமை ஜன்னலை மூட விடமாட்டார். நடுக்குற குளிர்லயும் திறந்துதான் இருக்கும். ஜனங்க கத்துறதை வெச்சே சொல்லுவார், 'இது நம்ம கோல். இது அவங்க கோல். இது வெளிய போன பந்து.' ஒருநாள் தப்பினதில்ல." யோல்தாஷ் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "பருத்திக்காட்டுல கட்டுங்க. அங்க கத்துறது யார் காதுல விழும்?"

மைதானம் என்றால் உள்ளே வந்து உட்கார்கிறவர்களுக்கு என்றுதான் எர்காஷ் இவ்வளவு நாளும் நினைத்திருந்தார். வர முடியாதவர்களுக்கும் அதில் ஓர் இடம் உண்டு என்று தோன்றியதேயில்லை.

"மைதானம் நம்ம மஹல்லாவை விட்டுப் போகாம இருக்கட்டும்" என்று யோல்தாஷ் கைகளை ஏந்த, எர்காஷ் மூன்றாவது ஆமீனைச் சொன்னார்.

"மூணு இடத்துலயுமா?" போதிர் தலையில் கையை வைத்துக்கொண்டார். "ஒரு டீம் மூணு மைதானத்துல எப்படிய்யா ஆடும்?"

"முதல் பாதியை ஒரு இடத்துல, ரெண்டாவது பாதியை இன்னொரு இடத்துல..."

"மூணாவது இடத்துல?"

"பெனால்டி போட்டுக்கலாம் அண்ணே."

போதிர் கையிலிருந்த முலாம்பழத்தைப் பார்த்தார். எறிய மனமில்லாமல் கீழே வைத்தார்.

ஆமீனைத் திரும்ப வாங்க முடியுமா என்று எர்காஷ் மசூதிக்குப் போய் இமாமிடமே கேட்டார்.

"குடுக்கறதுக்குத்தான் எனக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க. வாங்கறதுக்குச் சொல்லிக் குடுக்கல. ஒண்ணு செய். மூணு பேரையும் ஒரே விரிப்புல உக்காரவை. எல்லாரும் சேர்ந்து ஒரு பெரிய ஆமீன் சொல்லட்டும். பெரிசு வந்தா சின்னது தானா வழிவிடும்."

அதற்கு நாள் குறிப்பதற்குள் விஷயம் கைமீறியது. பருத்திக்காட்டார்கள் பஸ்ஸே வராத சாலையில் ஒரு நிழற்குடையைக் கட்டி, 'ஸ்டேடியம் நிறுத்தம்' என்று நீலப் பெயின்ட்டில் எழுதிவிட்டார்கள். துரோப்பின் மருமகள் கைக்குழந்தையோடு அங்கே உட்கார்ந்து பழக ஆரம்பித்துவிட்டாள்.

செங்கல் சூளையில் நடந்தது அதைவிட மோசம். ஓய்தின் மஹல்லா முழுவதையும் கூட்டி ஊர்வேலை என்று அறிவித்தார். ஆணும் பெண்ணும் மண்வெட்டியோடு இறங்கினார்கள். நடந்து வந்த சுவர்களையெல்லாம் இடித்து, பழைய இடத்திலேயே கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள்.

"நீ சொன்னது சுட்டுச்சு தம்பி" என்று ஓய்தின் மைதானத்துக்கே வந்து சொன்னார். தலைமுடியெல்லாம் மண். "என் வீட்டுச் சுவரைத்தான் முதல்ல இடிச்சேன். திராட்சைக்கொடி பாதி போச்சு. போகட்டும். எங்களுது இல்லாததை இத்தனை வருஷம் வெச்சிருந்தோம். இப்ப ரெண்டு பஸ் எதிரெதிரே போகும். மைதானத்தை எப்பக் கட்டுறீங்க?"

எர்காஷுக்கு அந்த அம்மாளின் காலில் விழலாம் போலிருந்தது. அன்று மாலை காலி மைதானத்தின் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். பஸ் வேண்டும் என்பவர் சொல்வது நியாயம். சுவரை இடித்தவர் கேட்பது நியாயம். சத்தம் கேட்க வேண்டும் என்பவன் அழுவதும் நியாயம். எல்லோரும் நியாயமாக இருப்பதுதான் அவருடைய கஷ்டம். ஒருவனாவது அயோக்கியனாக இருந்திருந்தால் அவனுக்கு முடியாது என்று சொல்லிவிடலாம்.

பெரிய ஆமீனுக்கு இடம் பார்ப்பதே பெரும்பாடாக இருந்தது. எந்த டீக்கடையில் கூடினாலும் அது ஏதாவது ஒரு மஹல்லாவின் டீக்கடை. கடைசியில், யாருக்கும் அவர்மேல் கோபமில்லை என்பதால், எர்காஷின் முற்றத்திலேயே வைத்துக்கொள்வது என்று ஆயிற்று. அந்த மஹல்லாவிலேயே பெரிய முற்றம் அது. ஐம்பது பேர் தாராளமாக உட்காரலாம்.

அடுத்தது சமையல்காரர். புலாவ் கிண்டுபவர் எந்த மஹல்லாவோ அந்த மஹல்லாவுக்குத்தான் கொழுப்பான துண்டு போகும் என்று மற்ற இருவரும் சந்தேகப்படுவார்கள். நல்லவேளையாக ஹம்தம் கிடைத்தார். வாலிபத்தில் புலாக் அணியின் கோல்கீப்பர். பிறகு சைபீரியா போய் ஆயுசில் பாதியை அங்கே சமையலில் கழித்துவிட்டு இந்த வசந்தத்தில்தான் திரும்பியிருந்தார். இன்னும் எந்த மஹல்லாவிலும் ஒட்டவில்லை.

"கோல்கீப்பரா இருந்தப்ப எப்படி?" என்று சவோதத் எர்காஷிடம் கிசுகிசுத்தாள்.

"கையில எதுவும் நிக்காதும்பாங்க."

"அரிசியாவது நிக்கட்டும்."

ஹம்தம் முற்றத்துக்குள் வந்ததும் நேராக மல்பெரி மரத்துக்குப் போய், பின்பக்கம் கையை விட்டு, பார்க்காமலே தொப்பியைக் கழற்றி ஓர் ஆணியில் மாட்டினார்.

"அங்க ஆணி இருக்கறது எனக்கே தெரியாதே!" என்றாள் சவோதத்.

ஹம்தம் கேரட் எங்கே என்று கேட்டார்.

மதியம் எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். துரோப் மருமகளையும் பேரனையும் சாட்சிக்கு அழைத்து வந்திருந்தார். ஓய்தின் சூளையிலிருந்து நேராக வந்ததால் கடப்பாரையும் கூடவே வந்தது. அதை மரத்தில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார். யோல்தாஷ் இரண்டு தட்டு சம்சா கொண்டுவந்தார். புலாவ் வருவதற்குள் சண்டையும் வந்துவிட்டது.

"எங்க ஆமீன்தான் முதல் ஆமீன்" என்றார் துரோப்.

"நாங்க சுவரையே இடிச்சிருக்கோம். நீங்க ஒரு பெயின்ட் டப்பா செலவழிச்சிருக்கீங்க" என்றார் ஓய்தின்.

"எங்கப்பா ஜன்னல்..." என்று ஆரம்பித்தார் யோல்தாஷ்.

அந்தக் கதையை அவர் சொல்லி முடித்தபோது துரோப்பின் மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஓய்தின் ரொட்டித்துண்டைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

"இது தெரிஞ்சிருந்தா நான் மைதானம் கேட்டிருக்க மாட்டேன்" என்றார் அவர். "எங்களுக்கு வேண்டியது தெருவுக்குத் தார்."

"எங்களுக்கு பஸ்" என்றார் துரோப்.

போதிர் நிமிர்ந்தார். "மைதானம் இங்கயே இருக்கட்டும்னு வைங்க. புதுசாக் கட்ட வெச்சிருக்கிற பணத்துல உங்க தெருவுக்குத் தாரும் போடலாம், அவங்களுக்கு பஸ்ஸும் விடலாம். நகர அதிகாரிகிட்ட நான் பேசறேன். ஆனா எட்டு மீட்டருக்கு எங்க போவேன்? மனுஷன் குடியிருக்கிற வீட்டை இடிச்சு நான் மைதானம் கட்டமாட்டேன். அது பாவம்."

"அந்த எட்டு மீட்டர் மட்டும் இருந்தா!" என்றார் யோல்தாஷ்.

"எட்டே மீட்டர்" என்றார் துரோப்.

எர்காஷால் தாங்க முடியவில்லை. எழுந்து நின்றார். ஆயுசில் முதல்முறையாக, தனக்கு என்ன வேண்டும் என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. கைகளை ஏந்தினார். அங்கே அவர் மூத்தவர் இல்லை, ஆனால் யாரும் தடுக்கவில்லை.

"இந்த மைதானத்துலதான் நான் நடக்கப் பழகினேன். எங்கப்பா உசிரைக் குடுத்துப் பாத்துக்கிட்ட மண்ணு இது. அதுலேருந்து எட்டு மீட்டரை ஒரு பாவி திருடிட்டான். அவன் செத்திருந்தா அவனை மன்னிச்சுடலாம். ஆனா அந்த எட்டு மீட்டர் எங்க இருந்தாலும், இன்னிக்கு யார் அனுபவிச்சுக்கிட்டு இருந்தாலும், அவன் வாயைத் திறக்காம அதைத் திருப்பிக் குடுக்கட்டும்! ஓய்தின் அக்கா குடுத்த மாதிரி, தன் கையாலயே இடிச்சுக் குடுக்கட்டும்!"

முற்றம் அதிரும்படி எல்லோரும் முகத்தைத் தடவினார்கள். "ஆமீன்!"

எர்காஷுக்கு மார்பு லேசாகிவிட்டது. பல நாளைக்குப் பிறகு பசித்தது.

புலாவ் கொப்பரையின் மூடியைக் கையில் பிடித்தபடி ஹம்தம் அந்த ஆமீன் அடங்கும்வரை காத்திருந்தார். பிறகு மூடியைக் கீழே வைத்தார். மல்பெரி மரத்துக்குப் போய் ஆணியிலிருந்து தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். மரத்துக்கு முதுகைக் காட்டி நாலடி நடந்து, சவோதத்தின் தந்தூர் அடுப்புக்குப் பக்கத்தில் போய் நின்றார். முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, இரண்டு கைகளையும் அகலமாக விரித்துப் பார்த்தார்.

"நான் கோல்கீப்பரா நின்ன இடத்துலதான் தம்பி, இப்ப உன் பொண்டாட்டி ரொட்டி சுடுறா."